மேற்கு மாம்பலத்தில் பெயரில்லாத ஒரு தையல் கடை

மேற்கு மாம்பலம் ஆரியகவுடா சாலையில், அயோத்தியா மண்டபத்தைத் தாண்டிப் பிரியும் குறுக்குத் தெரு ஒன்றில், வீட்டின் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சிறிய அறையில் நடக்கும் தையல் கடையைப் பற்றி எழுதுகிறேன். பலகையில் ‘லேடீஸ் டெய்லர்’ என்பதற்கு மேல் எதுவும் எழுதப்படவில்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் ‘மாடிப்படிக்குக் கீழே தைக்கிற அக்கா’ என்று வழிகாட்டுவார்கள். மூன்று ஆண்டுகளாக என் ரவிக்கைகளும் சுடிதார்களும் அங்கேதான் தைக்கப்படுகின்றன. என் மார்புச் சுற்று 44 அங்குலம், உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். இந்த எண்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப்போவதில் பாதி அவற்றைப் பற்றியதுதான்.

அதற்கு முன்பு, சென்னையில் பெரும்பாலோரைப் போல நானும் தியாகராய நகருக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். பனகல் பூங்காவுக்கு அருகே பல மாடிகள் கொண்ட ஜவுளிக்கடை ஒன்றில், பெயர் வேண்டாம், விற்பனைப் பெண் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, தளத்தின் மறுமூலையில் இருந்தவரிடம் “அக்காவுக்கு டபுள் எக்ஸ்எல் இருந்தா எடுப்பா” என்று கூவியதும், திரும்பிப் பார்த்த முகங்களும் இன்றும் நினைவில் இருக்கின்றன. மாம்பழ மஞ்சளில் ஒரு குர்த்தியை நான் தொட்டபோது “உங்க கலருக்கு இது எடுக்காதும்மா” என்றார். கட்டம் போட்டதை எடுத்தபோது “பெரிய கட்டம் வேணாம், இன்னும் குண்டா காட்டும்” என்றார். அவர் என்னைப் புண்படுத்த நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். நாள் முழுதும் நின்றபடி வேலை செய்யும் அந்தப் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தவே 2021 வரை ஆயிற்று. அவர்கள் சொல்வதும் நம் வீட்டு அத்தைகளும் சித்திகளும் கல்யாண மண்டபங்களில் சொல்லிச் சொல்லிப் பழக்கிய சொற்கள்தான். ஆனாலும் அந்தப் பேச்சின் விளைவாக நான் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கருநீலமும் கறுப்பும், மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய கோடுகளும் மட்டுமே வாங்கினேன் என்பது என் அலமாரிக்குத் தெரியும்.

இந்தக் கடைக்கு முதல்முறை போனபோது, வழக்கம்போல அளவு ஜாக்கெட் ஒன்றைக் கையில் கொண்டுபோயிருந்தேன். அக்கா அதை விரித்து, தோளையும் கைக்குழியையும் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “இது உங்களுக்குச் சரியா இருக்காம்மா?” என்று கேட்டார். இல்லை, கையைத் தூக்கினால் ரவிக்கை மேலேறிவிடும் என்றேன். “அப்போ இதைப் பார்த்து நானும் தப்பா தைக்கணுமா?” என்று சொல்லிவிட்டு அளவு நாடாவை எடுத்தார். எடுத்த அளவுகளை நோட்டில் எழுதினாரே தவிர, ஒன்றையும் வாய்விட்டுப் படிக்கவில்லை. அறையில் இன்னும் இருவர் காத்திருந்தார்கள். இத்தனை வருடங்களில் என் இடுப்புச் சுற்று எனக்கும் அளந்தவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றாக இருந்தது அன்றுதான்.

பிறகு அவர் கேட்ட கேள்விகள் எனக்கு விசித்திரமாகப் பட்டன. பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி போவீர்களா, தரையில் சம்மணமிட்டு உட்காருவீர்களா, ரவிக்கைக்கு உள்ளே வழக்கமாக அணிவதைத்தான் இப்போதும் அணிந்திருக்கிறீர்களா என்று கேட்டார். கேள்விகளின் பொருள் தைத்து வந்த ரவிக்கையில் விளங்கியது. தடித்த கைகள் உள்ளவர்களுக்குக் கைக்குழியைப் பெரிதாக, கீழே இறக்கி வெட்டினால் தாராளமாக இருக்கும் என்று பல தையல்காரர்கள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். உண்மையில் கைக்குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது ரவிக்கையின் உடலும் கூடவே இழுபட்டு மேலேறும். அக்குளுக்கு நெருக்கமாகக் கைக்குழியை வைத்து, கைத்துணியை மட்டும் அகலமாக வெட்டியதால், இப்போது 12பி-யில் கம்பியைப் பிடித்தாலும் ரவிக்கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரு பக்கமும் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைப்பதும் அவருடைய வழக்கம். உடம்பு சற்று ஏறினால் பிரித்துவிடலாம், புது ரவிக்கைக்கு அலைய வேண்டியதில்லை. சென்ற ஆண்டு எனக்கு அது இரண்டு முறை உதவியது.

ஆயத்த ஆடைகள் என்னைப் போன்றவர்களுக்கு ஏன் பொருந்துவதில்லை என்பதும் இங்கே காத்திருந்த ஒரு மாலையில்தான் புரிந்தது. ஓர் அளவிலிருந்து அடுத்த பெரிய அளவுக்குப் போகும்போது, தயாரிப்பாளர்கள் மார்பையும் இடுப்பையும் கூட்டுவதோடு தோளையும் நீளத்தையும் சேர்த்தே கூட்டுகிறார்கள். ஆனால் எடை கூடினால் எலும்பு நீள்வதில்லையே. அதனால் மார்புக்குப் பொருந்தும் குர்த்தியின் தோள் கைக்கு வழிகிறது, தோளுக்குப் பொருந்துவது மார்பில் பிடிக்கிறது. இந்தியர்களின் உடலுக்கென்று தனி அளவு அட்டவணை வேண்டும் என்பதற்காக, தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட், 15 முதல் 65 வயது வரையிலான 25,000-க்கும் மேற்பட்டவர்களை முப்பரிமாண ஸ்கேனரால் அளக்கும் திட்டம் ஒன்றை வகுத்தது. அதுவரை அயல்நாட்டு அட்டவணைகளை ஒட்டி, ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி ‘எக்ஸ்எல்’ என்று பொறித்துக்கொண்டிருந்ததை எண்ணிப் பார்த்தால், உடை மாற்றும் அறையில் பித்தான் பூட்டாமல் நின்று என்னையே நான் நொந்துகொண்ட மாலைகள் வீண் என்றுதான் தோன்றுகிறது. ஆகவே ஆயத்த ஆடை வாங்குவோருக்கு நான் சொல்வது, தோளுக்குப் பார்க்காமல் மார்புக்குப் பொருந்துவதை வாங்கி, தோளை இங்கே கொடுத்துக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதே. 150 ரூபாயில் வேலை முடிந்துவிடும். பிடிப்பதை விரித்துத் தர உள்ளே துணி இருக்காது.

போட்டுப் பார்க்கத் தனி அறை கிடையாது. திரைச்சீலை ஒன்றை இழுத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியும் சின்னதுதான். ஆனால் அது ஜன்னலுக்கு எதிரே மாட்டப்பட்டிருப்பதால் முகத்தின் மீதும் உடையின் மீதும் பகல் வெளிச்சம் நேராக விழுகிறது. பெரிய கடைகளின் உடை மாற்றும் அறைகளில் விளக்கு உச்சந்தலைக்கு மேலே இருக்கிறது. கண்ணுக்குக் கீழும் வயிற்றுக்குக் கீழும் நிழல் விழுந்து, யாராயிருந்தாலும் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவர் போலத் தெரிவார்கள்.

நிறம், கட்டம் பற்றிய என் பயம் போனதற்கும் இந்த அக்காவே காரணம். காரைக்குடி போன தோழி ஒருத்தி எனக்குக் கண்டாங்கிச் சேலை ஒன்று வாங்கி வந்தாள்: கடுகு மஞ்சளில் அரக்குக் கட்டம், அதுவும் உள்ளங்கை அகலத்துக்கு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை என்று பெருமையாகச் சொன்னாள். நான் அதைப் பீரோவின் அடியில் வைத்தேன். ரவிக்கைத் துணி கூட வராத சேலை அது. எதற்கோ பேச்சு வந்தபோது அக்காவிடம் இதைச் சொல்ல, அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, “செட்டிநாட்டு ஆச்சிங்க எல்லாம் ஒல்லியாவா இருந்தாங்க?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேட்சிங் சென்டரில் 80 சென்டிமீட்டருக்குப் பதிலாக ஒரு மீட்டர் அரக்குத் துணி வாங்கிவரச் சொல்லி, முழங்கை வரை கை வைத்து, லைனிங் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, சுருங்குவதை முன்பே சுருங்கவிட்ட பிறகு தைத்துக் கொடுத்தார். சேலைகளோடு வரும் ரவிக்கைத் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான். என் அளவில் நீளக் கை வேண்டுமென்றால் அது போதாது. ‘துணி பத்தலை’ என்று மற்றக் கடைகளில் சொல்லும்போது என் உடம்பைத்தான் சொல்கிறார்கள் என்று பல ஆண்டுகள் நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்குத் துணி கிடைப்பது பாதி நேரம்தான். என் தம்பி மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்குக் காலை ஆறு மணிக்கு, கொக்கி மட்டும் வைக்காத ரவிக்கையை வாங்கி, ஆட்டோவில் உட்கார்ந்து நானே கொக்கி தைத்தேன். கைபேசியை எடுக்கமாட்டார். ஆரி வேலை அங்கே கிடையாது, வெளியே அனுப்புகிறார், அதற்கு இரண்டு வாரம் கூடுதலாகும். இணையத்தில் பார்த்த முதுகுத் திறப்பு வடிவத்தைக் காட்டினால் “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தனக்குத் தெரிந்த வடிவத்திலேயே தைத்துவைப்பார். இருபது வயதுப் பெண்களுக்கு இந்தக் கடையைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது. என் மகள் ஒரே முறை வந்தாள், மறுபடி வரவில்லை.

லைனிங் வைத்த ரவிக்கைக்கு 650 ரூபாயும், சுடிதார் செட்டுக்கு 800 ரூபாயும் வாங்குகிறார். பருமனான உடம்புக்கென்று தனியாக ஏதும் கூட்டுவதில்லை. சில கடைகளில் 42 அங்குலத்துக்கு மேல் போனால் நூறு ரூபாய் அதிகம் கேட்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற நாள்களில் காலை பத்தரை முதல் இரவு எட்டு வரை திறந்திருக்கும், மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை கதவு பாதி சாத்தியிருந்தால் சாப்பிடுகிறார் என்று பொருள். தீபாவளிக்குத் தைக்க வேண்டியதை ஆவணி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். புரட்டாசி பிறந்ததும் வாசலில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டு, அதன் மேல் ‘ஆர்டர் எடுப்பதில்லை’ என்று சாக்பீசில் எழுதிய சிலேட்டை வைத்துவிடுவார். அந்த நாற்காலியைத் தாண்டி உள்ளே போனவர்களை நான் பார்த்ததில்லை.