வட்டத்தில் ஒரு மாதா, செவ்வகத்தில் ஒரு மாதா

ஓவியத்தின் வடிவமும் அதைச் சூழ்ந்த சட்டகமும் நம் ரசனையை எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றன என்பதைக் காண, இத்தாலிய ஓவியர் ரஃபேல் தீட்டிய இரண்டு மேரி மாதா ஓவியங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். தாய், குழந்தை இயேசு, சிறுவன் யோவான் என்று இரண்டிலும் இருப்பவர்கள் அதே மூவர்தாம். வியன்னாவில் உள்ள ‘புல்வெளி மாதா’ (1505–06) நிமிர்ந்த செவ்வகம். ஃபுளோரன்ஸின் பிட்டி அரண்மனையில் உள்ள ‘நாற்காலி மாதா’ (சுமார் 1513–14) 71 செ.மீ. விட்டமுள்ள வட்டம்.

செவ்வகத்தில் மேரியின் தலை உச்சியாகவும், குழந்தைகளும் வலப்பக்கம் நீண்ட அவள் பாதமும் அடித்தளமாகவும் ஒரு முக்கோணம் அமைகிறது. பின்னணியில் நீர்ப்பரப்பும் தொலைதூர மலைகளும் விரிவதால், கண் அந்த முக்கோணத்தை விட்டு வெளியே உலாவித் திரும்ப முடிகிறது. வட்டத்தில் அதற்கு வழியே இல்லை. தாயின் தலை குழந்தையின் பக்கம் சாய்கிறது, முழங்கால் உயர்கிறது, குழந்தையின் முழங்கை மடங்குகிறது. எல்லா வளைவுகளும் விளிம்பின் வளைவோடு சேர்ந்து மையத்தை நோக்கியே சுழல்கின்றன. அடிப்பக்கம் என்று ஒன்று இல்லாத வட்டத்தில் இந்த உருவங்கள் உருண்டுவிடாமல் நிறுத்துவது, இடது ஓரத்தில் செங்குத்தாக நிற்கும், நாற்காலி முதுகின் கடைந்த மரத்தூண்தான். அச்சுப்படத்தில் அதை மட்டும் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தால் மொத்தக் குழுவும் சரிவதை உணரலாம். நெருக்கத்துக்கு வட்டமே மேல் என்பேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் செவ்வகம்.

செவ்வகம் என்றதும் பலர் தங்க விகிதத்தைப் பேசத் தொடங்குவார்கள். ஜெர்மானிய அறிஞர் ஃபெஹ்னர் 1876இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் செவ்வக அட்டைகளைப் பார்த்தவர்கள் 1:1.618 என்ற அந்தத் தங்க விகிதத்தையே அதிகம் விரும்பினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவரே ஓவியக்கூடங்களில் அளந்தபோது, படங்கள் அதைவிடக் குட்டையாகவே இருந்தன. சுமார் 113 × 88 செ.மீ. அளவுள்ள ‘புல்வெளி மாதா’வின் விகிதமும் 1.28தான். வெற்று அட்டையின் மீதான விருப்பத்தை, உள்ளே ஆட்கள் அமர்ந்திருக்கும் படத்துக்கு அப்படியே பொருத்த முடியாது.

சட்டகத்தில் போட்டி தங்கத்துக்கும் வெள்ளைக்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தங்கமுலாம் ஒளியைத் திருப்பித் தந்து, இருண்ட பின்னணியுள்ள படங்களுக்குச் செழுமை கூட்டும். அதே மஞ்சள் மினுமினுப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்ஸில் பகல் வெளிச்சத்தைத் தீட்டிய இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களின் மென்மையான நீலத்தையும் ஊதாவையும் அமுக்கிவிடும். பக்கத்து நிறம் ஒரு நிறத்தின் தோற்றத்தையே மாற்றுகிறது என்று வேதியியலாளர் செவ்ரோல் 1839இலேயே எழுதியிருந்தார். 1877இல் நடந்த இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் ஓவியர்கள் பிஸ்ஸாரோவும் தெகாவும் வெள்ளைச் சட்டகங்களைப் பயன்படுத்தியதற்கு இந்தச் சிந்தனையும் ஒரு பின்புலம். ஆனால் ஓவிய வணிகர் துராண்ட்-ருயேல் அதே ஓவியர்களின் படங்களுக்குப் பழைய பாணித் தங்கச் சட்டகம் போட்டு விற்றார். வாங்குபவருக்கு அது மதிப்பின் அடையாளம். வரவேற்பறைக்கு அவர் செய்தது சரியாக இருந்திருக்கலாம், படத்துக்கு நியாயம் செய்தது வெள்ளைதான்.

நிறப் புள்ளிகளாலேயே படம் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் சோரா இதில் இன்னும் ஒரு படி போனார். சிகாகோவில் உள்ள ‘கிராண்ட் ஜாத்’ ஓவியத்தை முடித்த பிறகு, 1888–89 வாக்கில் அதன் ஓரம் முழுவதும் சிவப்பு, ஆரஞ்சு, நீலப் புள்ளிகளால் ஒரு கரை தீட்டினார். அந்தக் கரையும் படத்தின் பகுதியே என்பதால், எந்த வணிகர் எந்தச் சட்டகத்தை மாட்டினாலும் படத்தை முதலில் தொடும் நிறம் சோராவே தேர்ந்தெடுத்ததாக இருக்கும்.