ஆண்டிகுவாவில் கோட்டை பார்க்கப் படகு ஏறுகிறவர்கள் கவனத்துக்கு

கரீபியன் கடலிலுள்ள ஆண்டிகுவா தீவின் மேற்குக் கரையில் ஜாலி ஹார்பரிலிருந்து "ஒரே நாளில் பழைய துறைமுகங்களும் கோட்டைகளும், பாய்மரப் படகில்" என்று விற்கிறார்கள். முழுப்பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள். எங்களிடம் வாங்கிக்கொண்டு, தென்கரையிலிருக்கும் பழைய துறைமுகமான இங்கிலீஷ் ஹார்பரைக் கண்ணில்கூடக் காட்டவில்லை.

படகு புறப்பட்டதே தாமதமாகத்தான். கேட்ஸ் ரீஃப் பவளப்பாறை அருகே நங்கூரம் போட்டு நீந்தச் சொன்னார்கள். அப்புறம் கேப்டன், "காற்று எதிரே அடிக்கிறது, இதற்கு மேல் கிழக்கே போக முடியாது" என்று படகைத் திருப்பிவிட்டார். இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் கடலில் வருடத்தின் பெரும்பகுதி காற்று கிழக்கிலிருந்துதான் வீசும். மேற்கிலிருந்து இங்கிலீஷ் ஹார்பர் போகும் பாய்மரப் படகு தென்கரை நெடுக அதை எதிர்த்து, வளைந்து வளைந்துதான் போயாக வேண்டும். அங்கேயே படகு ஓட்டிப் பிழைப்பவருக்கு இது தெரியாதா? நேரம் போதாது என்று தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள்.

ஈடாக, டீப் பே பக்கம் போய்க் குன்றின் மேலிருக்கும் பேரிங்டன் கோட்டையைத் தூரத்திலிருந்து கைகாட்டினார்கள். கரை இறக்கவில்லை.

என் அப்பா பார்க்க ஆசைப்பட்டது இங்கிலீஷ் ஹார்பரில் இருக்கும் நெல்சன்ஸ் டாக்யார்டை. அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பில் எழுந்த கடற்படைத் தளம் அது. 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் என்று அதற்கும் தனியாக வாங்கியிருந்தார்கள். உள்ளே போகவே இல்லை, பணமும் திரும்பவில்லை.

விலையிலும் ஒரு வேலை செய்தார்கள். விளம்பரத்தில் வெறும் "டாலர்" என்றிருந்தது. உள்ளூர்ப் பணம் கிழக்குக் கரீபியன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு அதில் 2.70. ஏற்பாடு செய்தவர் தொலைபேசியில் உள்ளூர் டாலர்தான் என்றார். கார்டில் போனது அமெரிக்க டாலர். கேட்டால் பதிலே இல்லை.

டாக்யார்ட் பார்க்கப் படகே வேண்டாம். தலைநகர் செயின்ட் ஜான்ஸிலிருந்து மினிபஸ் போகிறது. துறைமுக வாயிலைக் காத்த பெர்க்லி கோட்டைக்கு டாக்யார்டிலிருந்து நடந்தே போகலாம். கடலிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்றால் இங்கிலீஷ் ஹார்பரிலோ பக்கத்து ஃபால்மத் ஹார்பரிலோ கிளம்பும் படகைப் பிடியுங்கள். எந்தக் கோட்டையில் இறக்குவார்கள், எந்த டாலர், போகாவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிவிட்டு முன்பணம் மட்டும் கொடுங்கள்.