பெடல் கயாக் நல்லதுதான், கூட வரும் கிட் வேண்டாம்

படகுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். அதோடு சேர்த்து ‘ஃபிஷிங் கிட்’ என்று ஒன்றைத் தலையில் கட்டுகிறார்களே, அதற்கு ஒன்றுகூடக் கிடையாது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, ஸ்பேர் விஷயமாக அவர்களோடு பேச்சு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை, இந்த விலையில் வருகிற எல்லாமே கிட்டத்தட்ட ஒரே ஜாதி: பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் உடம்பு, மேலே உட்கார்ந்து ஓட்டும் அமைப்பு, நடுத் துளையில் இறக்கும் பெடல் யூனிட், அடியில் புரொபெல்லர், கைப்பக்கத்தில் சுக்கானுக்கு ஒரு பிடி.

துடுப்புப் போடுகிற கயாக்கில் இரண்டு கையும் துடுப்புக்கே போய்விடும். பெடல் வந்ததும் கை தூண்டிலுக்கு மிச்சமாகிறது, அதற்குத்தான் இவ்வளவு காசு. 1997-ல் ஹோபி கம்பெனி இறக்கிய மிராஜ் டிரைவ் என்ற பெடல் அமைப்பில் புரொபெல்லர் கிடையாது, மீன் துடுப்பு மாதிரி இரண்டு தகடுகள் அடியில் இப்படியும் அப்படியும் அசையும். ஆரம்பத்தில் முன்னால் மட்டும்தான் போகும், பின்னால் வந்த மாடல்களில் கயிற்றை இழுத்துத் திருப்பினால் பின்னோக்கியும் போகும். புரொபெல்லரில் அந்த வேலையே இல்லை, பெடலைப் பின்னால் மிதித்தால் போதும். புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில், அலையாத்தி வேரை ஒட்டித் தூண்டில் போட்டு ஒரு கொடுவா கடித்துவிட்டால் அது முதலில் பாய்வது வேருக்குள்தான், அந்த நொடியில் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படகைப் பின்னால் மிதித்து மீனை வெளியே இழுக்கிறோமே, அந்தச் சுகத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

குளத்தில் கதை வேறு. ஆகாயத்தாமரைத் தண்டும் பாசியும் புரொபெல்லரில் சுற்றினால் யூனிட்டைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும். விராலுக்குப் போகிறவர்கள் பாதி நேரம் துடுப்பில்தான் போவார்கள், அதனால் துடுப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அப்புறம், நம் ஊர்க் குளங்கள் பெரும்பாலும் மீன்பாசி குத்தகையில், அதாவது மீன் பிடிக்கும் உரிமை ஒருவரிடம், இருக்கும். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கினால் படகோடு சேர்த்துக் கரையில் உட்காரவைத்துவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

இனி கிட். நான்கு கம்புத் தாங்கி, போன் ஸ்டாண்ட், கப் ஸ்டாண்ட், எல்லாவற்றுக்கும் அடியில் ஒட்டுகிற பசை. பாலிஎத்திலீனில் பசை பிடிக்காது. பிளாஸ்டிக் குடத்தில் எம்-சீல் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன், அங்கிருந்த அண்ணாச்சி நகத்தால் ஒரு தாங்கியைப் பெயர்த்துக் கையில் கொடுத்துவிட்டு, “இதுல என்னத்த ஒட்டினாலும் நிக்காது தம்பி, போல்ட்டு போடணும் பாத்துக்கிடுங்க” என்றார். மூடியைத் திறந்து உள்ளே கை போகிற இடத்தில் போல்ட், பெரிய வாஷர், நட். கை போகாத இடத்தில் ரப்பர் நட், அது முறுக்க முறுக்க உள்ளே உப்பிப் பிடித்துக்கொள்ளும். துளையைச் சுற்றி சீலன்ட் தடவ வேண்டும், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே துளையே கூடாது. கடல் பக்கம் போகிறவர்கள் போல்ட்டை எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316 என்று கேட்டு வாங்குங்கள். கடைகளில் சும்மா எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 304, உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருப்புள்ளி விழும்.

நான்கு தாங்கியில் இரண்டைத் தூக்கி எறிந்துவிட்டேன். மிச்சம் இரண்டுக்குப் பதில் ஒன்றரை அங்குல பிவிசி பைப்பை வெட்டி, வாயைச் சூடு காட்டி விரித்து, சீட்டுக்குப் பின்னால் ஒரு காய்கறி கிரேட்டில் கட்டிவிட்டேன். பெட்டி, கத்தி, ஐஸ் எல்லாம் அதற்குள்ளேயே.

பக்கவாட்டில் ஏன் எதுவும் வைக்கவில்லை என்று கேட்கிறார்கள். படகு கவிழ்ந்தால் எந்தப் பக்கமாக ஏறுவீர்கள்? வீடியோக்களில் இதை யாரும் காட்டுவதில்லை, படகு முழுக்கக் கம்பும் கம்பியுமாக நிற்பதைத்தான் காட்டுகிறார்கள். நெஞ்சளவுத் தண்ணீரில், கூட ஒரு ஆளை நிறுத்திக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டோடு வேண்டுமென்றே கவிழ்த்து, நிமிர்த்தி, வயிற்றால் ஏறிப் பாருங்கள். ஜாக்கெட் கொக்கி எந்தத் தாங்கியில் மாட்டுகிறதோ அது அங்கே இருக்கக் கூடாது. பெடல் யூனிட்டைக் கயிற்றால் படகின் உடம்போடு கட்டியே ஆக வேண்டும், கவிழ்ந்ததும் தாழ்ப்பாள் விட்டுவிட்டால் நேரே அடிக்குப் போய்விடும், அதன் விலைதான் படகில் பாதி. எனக்கு இடது பக்கம் ஏற வசதி, அதனால் இடது பக்கம் மொட்டையாகவே இருக்கிறது.

நங்கூரத்துக்கு மட்டும் வலது விளிம்பில் ஒரு கயிறு ஓட்டம் போட்டிருக்கிறேன். மூக்கில் ஒரு கப்பி, வாலில் ஒரு கப்பி, நடுவே ஒரு வளையம், நங்கூரக் கயிறு வளையத்தின் வழியாகப் போகும், இழுத்தால் முன்னாலோ பின்னாலோ நகரும். வெளியே இரண்டாயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள், துணி காயப்போடும் கப்பி வைத்தே செய்யலாம். வற்றம் (ஓதம் இறங்கும்போது கடலுக்குப் போகிற நீரோட்டம்) இழுக்கிற நேரத்தில் முகத்துவாரத்தில் படகின் நடுப்பக்கத்தில் நங்கூரம் கட்டினால் படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும், அதனால் இது ஆடம்பரம் இல்லை.

மீன் காட்டும் கருவி வேண்டுமா? ஆற்றுக்கும் குளத்துக்கும் வேண்டாம். கடலில் பார் (அடியில் இருக்கும் பாறைத் திட்டு) தேடுகிறவர்களுக்கு உதவும், 12 வோல்ட் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி போடுங்கள், ஈய பேட்டரி கனம் தாங்காது.

கனம் என்றதும் ஞாபகம் வருகிறது, யூனிட்டோடு சேர்த்து இந்தப் படகை ஒரு ஆள் தூக்க முடியாது. மணப்பாடு மணலில் கூட வருகிற சின்னச் சக்கரம் அச்சுவரை புதையும். நான் குட்டி யானை பிடித்துத்தான் போகிறேன், இறக்க டிரைவரையே கூப்பிட்டுக்கொள்கிறேன்.

ஆனி, ஆடியில் கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றுக்குத்தான் ராதாபுரம் பக்கம் அத்தனை காற்றாலை. திருச்செந்தூர், மணப்பாடு கரையில் அது தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது, கரையோரம் தண்ணீர் தட்டு மாதிரி சாந்தமாகத் தெரியும், போகும்போது பெடல் மிதிக்கவே வேண்டாம், திரும்பும்போதுதான் தெரியும். கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடல் எந்த மாதமும் கூடாது, தடை செய்யப்பட்ட பகுதி.

ஒரு நட்சத்திரம் குறைத்தது ஸ்பேருக்காக. புரொபெல்லரை அச்சில் பிடித்திருப்பது ஒரு சின்ன பின், பாறையில் மோதினால் கியர் தப்பிக்க அது ஒடிய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு, ஒடிந்தும் விட்டது, கம்பெனியிலிருந்து பதிலே இல்லை. அண்ணாச்சி ஸ்டீலில் போட்டுத் தருகிறேன் என்றார், வேண்டாம், பித்தளையிலேயே போடுங்கள் என்று ஆறு கடைந்து வாங்கிவைத்திருக்கிறேன். நீங்கள் வாங்குவதானால் படகை மட்டும் வாங்குங்கள், யூனிட்டைப் பிரித்து ஆயில் சீலின் (எண்ணெய் கசியாமல் அச்சைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம்) மேல் இருக்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், பேரிங் கடையில் கேட்டால் கிடைக்கும்.