ஒரே இரவில் உடைந்த இரண்டு கதவுக் கண்ணாடிகள்: நான்கு வழிகள், இரண்டு முடிவுகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு திருமண வரவேற்பு. மண்டபத்துக்குள் இடமில்லாததால் அண்ணன் தன் காரை வெளியே மணலோரம் நிறுத்தியிருந்தார். ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் பெரிய எஸ்.யூ.வி., வாங்கி ஆறு வருடம் ஆகிறது. இரவு பத்தரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால், இடப்பக்கத்துக் கதவுக் கண்ணாடிகள் இரண்டும் உடைந்திருந்தன. பின்சீட்டில் வைத்திருந்த மடிக்கணினிப் பையைக் காணவில்லை.

செல்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். முன்கதவுக் கண்ணாடி உடைந்தும் விழவில்லை. நடுவில் ஒரு குழி, அதைச் சுற்றிச் சிலந்தி வலை போல வெடிப்பு. ஆனாலும் மொத்தக் கண்ணாடியும் கதவிலேயே நின்றது. பின்கதவில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. சீட்டிலும் தரையிலும் கதவு இடுக்கிலும் உதிர்த்துப் போட்ட கற்கண்டு போலச் சிதறிக் கிடந்தது. திருடன் முதலில் முன்கதவில் அடித்திருக்கிறான். கை நுழையும் அளவுக்கு வழி கிடைக்காமல் பின்கதவுக்குப் போயிருக்கிறான்.

"மாற்ற எவ்வளவு ஆகும்?" என்றுதான் அண்ணன் முதலில் கேட்டார். எல்லோரும் அதைத்தான் கேட்போம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: உடைந்தது என்ன கண்ணாடி? இதைத் தெரிந்துகொள்ளாமல் நான்கு கடைகளில் விலை விசாரித்தால், நான்கு வெவ்வேறு பொருள்களுக்கு விலை கேட்டுவிட்டு எது மலிவு என்று குழம்பிக்கொண்டிருப்போம்.

பின்கதவில் இருந்தது டெம்பர்டு கண்ணாடி. சுமார் 650 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, சட்டென்று குளிர்காற்றைப் பீய்ச்சி இறுக வைப்பது. மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருப்பதால், ஓரிடத்தில் உடைந்தால் முழுவதும் உதிர்ந்துவிடும். அதே காரணத்தால் இதை அறுக்கவோ துளையிடவோ முடியாது. எந்தக் கடைக்காரராவது "அளவெடுத்து வெட்டித் தருகிறேன்" என்றால் அது இந்தக் கண்ணாடி அல்ல, அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

முன்கதவில் இருந்தது லேமினேட்டட். இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே பி.வி.பி. என்னும் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. எல்லாக் கார்களின் முன்புற விண்ட்ஷீல்டும் இப்படிப்பட்டதுதான். விலையுயர்ந்த எஸ்.யூ.வி.களில் வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க முன்கதவுகளுக்கும், சில மாடல்களில் பின்கதவுகளுக்கும் இதையே போடுகிறார்கள். உங்கள் காரில் எது இருக்கிறது என்று அறிய, உடையாத எதிர்ப்பக்கத்துக் கண்ணாடியைப் பாதி இறக்கி, மேல் விளிம்பை உற்றுப் பாருங்கள். நடுவில் நூல் போல ஒரு கோடு ஓடினால் லேமினேட்டட்.

அன்றிரவு எந்தச் சுவிட்சையும் தொடவில்லை. உடைந்த கண்ணாடியை ஏற்றி இறக்கினால் துண்டுகள் அதை நகர்த்தும் ரெகுலேட்டருக்குள் போய்ச் சிக்கும். பாலிதீன் தாளைக் கதவுச் சட்டத்தின் உட்பக்கமாக மடித்து, பெயின்ட் மேல் படாமல் டேப் ஒட்டினோம். சென்னை வெயிலில் இரண்டு நாள் கிடந்த டேப், உரிக்கும்போது பெயின்டில் பசையை விட்டுவிடும். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அது பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம்.

காப்பீட்டைத் தொடுவதா?

அண்ணன் சந்தேகமே இல்லாமல் "இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்றார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இந்தியக் காப்பீட்டு விதிகளில் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். கண்ணாடிக்கோ தேய்மானக் கழிவே கிடையாது. 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்குக் கட்டாயமாக நம் கையிலிருந்து போவது 2,000 ரூபாய் மட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அவருக்கு ஐந்து வருடம் எதுவும் கோராமல் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் என்னும் பிரீமியத் தள்ளுபடி 50 சதவீதம் இருந்தது. ஒரு கோரிக்கை போட்டால் அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்யம். பிறகு வருடாவருடம் 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50ஐத் தொட வேண்டும். அதுவரை இழக்கும் தள்ளுபடியைக் கூட்டினால், சொந்தச் சேதத்துக்கான ஒரு வருடப் பிரீமியத்தைப் போல ஒன்றேகால் மடங்கு வருகிறது. அந்தப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 90,000 ரூபாய் என்றால் இழப்பு ஒரு லட்சத்தைத் தாண்டும். காரின் மதிப்பு குறையக் குறையப் பிரீமியமும் குறையும். அதைக் கழித்துக்கொண்டாலும் கண்ணாடிச் செலவைவிட இழப்பே பெரிது. போனஸ் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவை எடுத்திருந்தால் கணக்கு தலைகீழாகும், யோசிக்காமல் கோரலாம். அண்ணன் எடுத்திருக்கவில்லை. கைக்காசு என்று முடிவானது.

நான்கு வழிகள்

நிறுவனத்தின் அங்கீகார சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்ததும், எந்த வகைக் கண்ணாடி, எந்த நிறச் சாயல் என்று திரையில் பார்த்து ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். இந்தத் துல்லியம் வேறெங்கும் கிடைக்காது. முன்கதவுக்கு 58,000, பின்கதவுக்கு 24,000, கூலி தனி. கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம்.

இரண்டாவது, கார் கண்ணாடிக்கென்றே இருக்கும் கடை. இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. கார் நிறுவனங்கள் பெரும்பாலும் கண்ணாடியைத் தாமே வார்ப்பதில்லை. செயின்ட் கோபெய்ன், பில்கிங்டன், ஏ.ஜி.சி., சீனாவின் ஃபூயாவ் போன்றவைதான் செய்து கொடுக்கின்றன. கார் நிறுவனத்தின் சின்னம் மேலே அச்சாகிறது. அதே தயாரிப்பாளரின் கண்ணாடி, சின்னம் இல்லாமல், இந்தக் கடைகளில் கிடைக்கிறது. முன்கதவு லேமினேட்டடுக்குப் பொருத்தும் கூலியோடு 34,000 சொன்னார்கள். நான்கு நாள்.

மூன்றாவது, பெயர் தெரியாத தயாரிப்பு. அதே வரிசையில் இன்னொரு கடை. முன்கதவுக்கு வெறும் 13,000. "இதுவும் அதே அளவு, அச்சு அசலாக உட்காரும்" என்றார். உட்காரும்தான். கண்ணாடியைக் கையில் வாங்கி விளிம்பைப் பார்த்தேன், நடுக்கோடு இல்லை. லேமினேட்டட் இருந்த இடத்தில் டெம்பர்டு. நெடுஞ்சாலையில் ஒருபக்கக் காதில் மட்டும் காற்று இரைந்துகொண்டே இருக்கும். அதைவிட முக்கியம், அந்த முன்கதவுக் கண்ணாடிதான் அன்று திருடனைத் தடுத்து நிறுத்தியது. விபத்தில் உள்ளே இருப்பவர் வெளியே வீசப்படாமல் காப்பதிலும் லேமினேட்டடுக்குப் பங்கு உண்டு. 21,000 மிச்சம் என்று இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

சீனக் கண்ணாடி என்றாலே மட்டம் என்று சொல்லவில்லை. ஃபூயாவ் உலகின் பெரிய கார் நிறுவனங்களுக்கே கொடுக்கிறது. பார்க்க வேண்டியது மூலையில் பொறித்திருக்கும் முத்திரையை. வட்டத்துக்குள் ஈ (E) என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் ஐரோப்பிய விதிப்படி ஒப்புதல் பெற்றது. எண் 1 என்றால் ஜெர்மனி, 2 என்றால் பிரான்ஸ். ஒப்புதல் கொடுத்த நாட்டைத்தான் அது சொல்கிறது, செய்த நாட்டை அல்ல. "ஜெர்மனி எண் இருக்கிறது பாருங்கள்" என்று விற்பவரிடம் ஏமாற வேண்டாம். நம் நாட்டுத் தரம் ஐ.எஸ். 2553, அதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும். எந்த முத்திரையும் இல்லாத கண்ணாடி, என்ன விலையானாலும் வேண்டாம்.

நான்காவது, பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. சென்னையில் கார் வைத்திருப்பவர்களுக்கு அறிமுகம் தேவையில்லாத இடம். இந்த மாடலின் கழற்றிய முன்கதவுக் கண்ணாடி கிடைக்கவில்லை. பின்கதவுக் கண்ணாடி ஒன்று கிடைத்தது, 6,000 ரூபாய். பழைய கண்ணாடி என்று முகம் சுளிக்கத் தேவையில்லை. எஞ்சின் போலத் தேய்ந்து போகும் பொருள் அல்ல இது. கீறலும் விளிம்பில் சில்லும் இல்லையென்றால் பழையது புதியதற்குச் சமம். அதோடு, சாயலும் வளைவும் நிறுவனம் கொடுத்ததே. ஒரு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். மேல் நோக்கி ஓடும் நீளக் கீறல் இருந்தால் அது கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங்கில் மணல் சிக்கி உண்டானது, வாங்கக் கூடாது. கீழ் விளிம்பில் ரெகுலேட்டர் பிடிக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. எந்தக் காரிலிருந்து கழற்றியது என்று கேட்டு, பில்லோடுதான் வாங்கினேன். திருடப்பட்ட ஏதோ ஒரு காரின் கண்ணாடியாக அது இருந்துவிடக் கூடாது.

சாயல் என்றதும் இன்னொன்று. பின்கதவுக்குக் கன்னங்கரேலென்ற கண்ணாடி ஒன்றும் அங்கே இருந்தது, பார்க்க அழகாக. மத்திய மோட்டார் வாகன விதி 100இன்படி பக்கக் கண்ணாடியில் குறைந்தது 50 சதவீத வெளிச்சம் ஊடுருவ வேண்டும். வெளிநாட்டுக் கார்களுக்கான சில கண்ணாடிகள் அதைவிடக் கறுப்பு. முத்திரையில் ரோமன் எண் ஐந்து இருந்தால் ஊடுருவும் வெளிச்சம் 70 சதவீதத்துக்கும் குறைவு என்று பொருள். அங்கே கொஞ்சம் நிதானித்து விசாரியுங்கள்.

ஆக, முன்கதவுக்குச் சின்னமில்லாத அதே தயாரிப்பாளரின் லேமினேட்டட், பின்கதவுக்குப் புதுப்பேட்டைப் பழையது. இரண்டையும் கண்ணாடிக் கடையிலேயே பொருத்தச் சொன்னோம். பின்கதவுக்குக் கூலி மட்டும் 3,000. மொத்தம் 43,000. சர்வீஸ் சென்டரில் கண்ணாடிகளுக்கு மட்டுமே 82,000. கார் வாரண்டியில் இருந்திருந்தாலோ போனஸ் பாதுகாப்பு இருந்திருந்தாலோ தயங்காமல் சர்வீஸ் சென்டருக்கே போகச் சொல்லியிருப்பேன்.

பின்கதவில் டெம்பர்டே தொடர்வதில் எனக்கு ஒரு நிம்மதியும் உண்டு. அமெரிக்க வாகன ஓட்டிகளின் ஏ.ஏ.ஏ. அமைப்பு, கார் கண்ணாடியை உடைத்து வெளியேற உதவும் ஆறு அவசரக் கருவிகளை 2019இல் சோதித்தது. நான்கு கருவிகள் டெம்பர்டு கண்ணாடியை உடைத்தன. லேமினேட்டடை ஒன்றுகூட உடைக்கவில்லை. மழையில் சுரங்கப்பாதைக்குள் கார் சிக்கினால் எந்தக் கண்ணாடியை உடைத்து வெளியேறலாம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அண்ணியிடம் பின்கதவைக் காட்டிச் சொல்லிவைத்திருக்கிறேன்.

பொருத்துவது

கண்ணாடியைவிட இந்த வேலையில்தான் கார் கெடுகிறது. விலை கேட்கும்போது எந்தக் கடையிலும் நான் கேட்ட ஒரு கேள்வி: "கதவுக்குள் விழுந்த துண்டுகளை எப்படி எடுப்பீர்கள்?" சர்வீஸ் சென்டரில் "அதெல்லாம் செய்வோம்" என்றார்கள். மூன்றாவது கடையில் "நாலு தட்டு தட்டினால் விழுந்துவிடும்" என்றார்கள். கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் பெரியவர்தான் கதவின் உட்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றி, வேக்யூம் போட்டு, பீடிங்கை வெளியே இழுத்து, அதன் உட்பள்ளத்தையும் துடைப்பதாகச் சொன்னார். பாதி அதற்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தேன். பள்ளத்தில் ஒரே ஒரு துகள் மிஞ்சினாலும் புதுக் கண்ணாடியில் முதல் நாளே கோடு விழும். அடியில் தங்கினால் மழைநீர் வடியும் துளையை அடைத்துக் கதவைத் துருப்பிடிக்க வைக்கும்.

டோர் பேடுக்குப் பின்னால் ஒரு ஈரத்தடுப்பு விரிப்பு ஒட்டியிருக்கும். அவசரக்காரர்கள் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடுவார்கள். பல கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார், கதவுக்குள் காற்றழுத்தம் திடீரென ஏறுவதை வைத்தே ஏர்பேகை இயக்குகிறது. விரிப்பு சரியாக ஒட்டாவிட்டால் தண்ணீர் மட்டுமல்ல, அந்த அழுத்தமும் கசியும். பெரியவர் பழைய பசையை வழித்து, புதிய பியூட்டைல் பட்டை வைத்து ஓரம் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். கண்ணாடியை ஏற்றி, சுவிட்சைச் சில விநாடிகள் மேலே இழுத்துப் பிடித்து மேல் எல்லையைப் பதிய வைத்தார்; அதைச் செய்யாவிட்டால் ஒரே தொடலில் ஏறுவதும், கை சிக்கினால் தானே இறங்குவதும் சரியாக வேலை செய்யாது. சுருட்டிய செய்தித்தாளைக் குறுக்கே வைத்துச் சோதித்தோம், தொட்டதும் இறங்கியது. தண்ணீர்க் குழாயைப் பிடித்தோம். சொட்டு உள்ளே வரவில்லை.

எல்லாம் முடிந்து அண்ணன் பணம் எண்ணிக்கொண்டிருந்தார். பெரியவர் பின்கதவைத் திறந்து, சற்று வேகமாக மூடி, காதை அருகே கொண்டுபோனார். மறுபடி திறந்து மூடினார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "உள்ளே ஒன்று இருக்கிறது தம்பி, அரை மணி நேரம் இருங்கள்" என்று சொல்லிவிட்டு, மாட்டிய டோர் பேடைத் திரும்பக் கழற்ற உட்கார்ந்தார். கதவின் அடிமூலையிலிருந்து மிளகு அளவில் ஒரு துண்டை எடுத்து அண்ணனின் உள்ளங்கையில் வைத்தார்.