ஊரில் பங்கு நிலம் இருப்பவர்கள் கவனத்துக்கு

நிலத்தை உடன்பிறந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியூரில் இருக்கிறீர்களா? பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

எங்களுடையது தஞ்சாவூர் பக்கம், தாத்தா கிரையம் வாங்கிய நஞ்சை. உயில் எழுதாமல் போய்விட்டார். அப்பா, சித்தப்பா, அத்தை மூவருக்கும் சம பங்கு. அப்பாவுக்கு ரயில்வே வேலை, ஊர் ஊராக மாற்றல். அதனால் சித்தப்பாதான் பயிர் வைத்தார். அறுப்பு முடிந்தால் எங்கள் பங்கு நெல்லோ பணமோ வந்துவிடும். அப்பா காலமானதும் அது நின்றது. பாகம் பிரிக்கலாம் என்று கேட்டதற்கு, "பன்னெண்டு வருஷத்துக்கு மேல நான்தான் அனுபவிக்கிறேன், பட்டாவும் என் பேர்ல. உங்களுக்கு ஏது பங்கு?" என்றார். 1980-களில் யு.டி.ஆர். என்கிற நிலப் பதிவேடு புதுப்பிக்கும் வேலை நடந்தபோது, ஊரில் இருந்த அவர் பெயர் மட்டும் பட்டாவில் ஏறியிருக்கிறது.

அத்தைக்குச் செய்ததை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. "பட்டாவுல எல்லார் பேரும் சேர்க்கணும், வந்து கையெழுத்துப் போடு" என்று பத்திர ஆபீஸுக்கு அழைத்துப்போய், கையெழுத்தும் ரேகையும் வாங்கிவிட்டார். வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் அது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் என்று தெரிந்தது. பட்டாவில் பெயர் சேர்க்க மனு போவது தாசில்தாருக்கு. பத்திர ஆபீஸில் கையெழுத்துக் கேட்டால், எழுதியிருப்பதை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

பஞ்சாயத்துக்கு வந்த புரோக்கர் ஒருவர், "வருஷம் ஓடிப்போச்சு, கொடுக்கறதை வாங்கிக்குங்க" என்றார். எங்கள் வக்கீல் சொன்னது வேறு. 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தில், அட்டவணையின் 65-வது ஷரத்தில், நிலத்தை மீட்க வழக்குப் போடக் கெடுவாக வருகிற 12 வருஷம், வெறுமனே உழுத காலம் அல்ல. "இது உன்னுடையது இல்லை, என்னுடையது" என்று உரிமையாளருக்குத் தெரிய எதிர்த்து அனுபவித்த காலம்தான் எதிரிடை அனுபவம். சம்மதத்தோடு உழுதது அதில் சேராது. கூட்டுப் பங்காளி ஒருவர் அனுபவிப்பது எல்லாப் பங்காளிகளுக்காகவும்தான் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். மற்றவர்களை வெளிப்படையாக ஒதுக்கியதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். பட்டா மட்டும் உரிமையைத் தந்துவிடாது. ஆனால் அசட்டையாகவும் இருக்க முடியாது. எதிரிடை அனுபவத்தில் உரிமை வந்துவிட்டது என்று சொல்பவர் தானே வழக்குப் போடலாம் என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

எங்களைத் தாங்கி நிற்பது அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த இன்லண்ட் லெட்டர்கள். "அண்ணனுக்கு வணக்கம். உங்கள் பாகத்து நெல் விற்ற பணம் மணியார்டரில் அனுப்பியுள்ளேன்" என்று சித்தப்பாவே எழுதியது, அவர் கையெழுத்தோடு. உங்கள் வீட்டிலும் அப்படிக் கடிதமோ ரசீதோ இருந்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். இப்போது பணம் வருவதாக இருந்தால் வங்கி வழியாக வாங்குங்கள், எதற்கு என்று அதில் எழுதச் சொல்லுங்கள். குத்தகையை எழுத்தில் போடுங்கள். அண்ணன் தம்பிக்குள் என்ன எழுத்து என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. அத்தையின் பத்திரத்தை ரத்து செய்யவும் அதிலேயே கேட்டிருக்கிறோம். மோசடி தெரியவந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் கேட்டாக வேண்டும். யாருக்காவது இதே நிலைமை என்றால், சமாதானம் பேசிக்கொண்டே அந்தக் கெடுவைத் தாண்ட விட்டுவிடாதீர்கள்.