குவாதலூப்பில் கடைசி இரண்டு இரவு: கடற்கரையா, குட்டித் தீவா, எரிமலை அடிவாரமா?

விடுமுறையின் முதல் இரவுக்கு யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. விமானம் இறங்கியதும் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு, பதிவு செய்த அறையில் போய் விழுந்தால் சரி. கடைசி இரண்டு இரவை எங்கே வைப்பது என்பதில்தான் எங்கள் வீட்டில் சண்டை வரும்.

பாரிஸிலிருந்து, கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுப் பகுதியான குவாதலூப்புக்கு நான், மனைவி, மகள் மூவருமாக இரண்டு முறை போய்வந்திருக்கிறோம். இரண்டும் பத்து நாள் பயணம். முதல் முறை கடைசி இரண்டு இரவையும் லே சேந்த் தீவுகளில் கழித்தோம். இரண்டாம் முறை சேந்த்-ஆன் கடற்கரையில். (பெயர்கள் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். அறை பதிவு செய்யும்போது நான் ஒருமுறை மாற்றிப் போட்டு, கடைசி நிமிடத்தில் திருத்தினேன்.) மூன்றாவது போட்டியாளர் பாஸ்-தேரின் தென்கிழக்கு மூலை. அங்கே இரண்டு முறையும் பயணத்தின் நடுவில்தான் தங்கினோம், முடிவாக வைத்துப் பார்த்ததில்லை. இப்போது யோசித்தால் அதுதான் தவறோ என்று தோன்றுகிறது.

வரைபடத்தைப் பார்த்தால் குவாதலூப் இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சி. கிழக்கு இறக்கை கிராந்த்-தேர்: தட்டையான சுண்ணாம்பு மண், கரும்பு, வெள்ளை மணல். மேற்கு இறக்கை பாஸ்-தேர்: மலை, காடு, மழை, வாழைத்தோட்டம், எரிமலை. நடுவில் உப்பாறு என்று பொருள்படும் ரிவியேர் சலே என்ற குறுகிய நீர்ப்பாதை. விமான நிலையம் இரண்டு இறக்கையும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், புவாந்த்-ஆ-பித்ர் நகரையொட்டி இருக்கிறது. லே சேந்த் தெற்கே கடலுக்குள்.

பாரிஸின் ஓர்லி விமான நிலையத்துக்குத் திரும்பும் விமானம் பெரும்பாலும் மாலையில் கிளம்பி, இரவெல்லாம் பறந்து மறுநாள் காலையில் இறக்கிவிடும். ஆக, கடைசி நாளில் ஏறக்குறைய ஒரு முழுப் பகல் கையில் இருக்கும், ஆனால் அறை இருக்காது. காலையிலேயே காலி செய்துவிட வேண்டும். பெட்டி காருக்குள், நாம் காருக்கு வெளியே. எங்கே குளிப்பது, ஈரத் துணியை என்ன செய்வது? மூன்று இடங்களையும் நான் எடை போடுவது முதலில் இந்தத் தராசில்தான்.

சேந்த்-ஆன் இதில் சுலபமாக ஜெயிக்கும். விமான நிலையத்துக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். ஊரை ஒட்டியே கடற்கரை, அலையைத் தடுக்கும் பவளத்திட்டு, இடுப்பளவு தண்ணீரில் தரை தெரியும் பச்சை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நிம்மதியான இடம் கிடையாது. மணலை ஒட்டிய நிழலில் தேங்காய் சொர்பே விற்கும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். மர வாளி, அதற்குள் ஓர் உலோக உருளை, சுற்றிலும் ஐஸும் கல்லுப்பும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உள்ளே தேங்காய்ப்பால் இறுகும். பட்டை, ஜாதிக்காய், எலுமிச்சைத் தோல் மணம். எங்களுக்குக் கொடுத்த அம்மாள் சுற்றுவதை நிறுத்தாமலே மறுகையால் காசை வாங்கிக்கொண்டார். மகள் அன்று மூன்று கோப்பை சாப்பிட்டாள்.

குறை இல்லாமல் இல்லை. 2011-க்குப் பிறகு சர்காசம் என்ற பழுப்புப் பாசி அட்லாண்டிக் பக்கமிருந்து மிதந்து வந்து கரையில் குவிகிறது. அழுகினால் அழுகிய முட்டை நாற்றம். தெற்குக் கரையும் சில மாதங்களில் தப்புவதில்லை. கடைசி இரண்டு நாளில் அது வந்து சேர்ந்தால் போச்சு. மணலோரத்தில் அடிமரத்தில் சிவப்பு வளையம் தீட்டிய மரத்தைப் பார்த்தால் ஒதுங்கிப் போங்கள். அது மன்சினீல், பாலும் காயும் விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் சொட்டும் தண்ணீரே தோலைப் பொசுக்கிவிடும்.

ஆனால் என் உண்மையான புகார் வேறு. அந்த இரண்டு நாளை இன்று நினைத்துப் பார்த்தால் சொர்பே தவிர ஒன்றும் மிச்சமில்லை. சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

லே சேந்த் அப்படியில்லை. பாஸ்-தேரின் தெற்கு முனையில் உள்ள த்ருவா-ரிவியேர் துறையிலிருந்து படகில் இருபது நிமிடம் போல ஆகும். இடையிலுள்ள கடல் சில நாள் நன்றாகவே தூக்கிப்போடும், வெறும் வயிற்றோடு போகாதீர்கள். லே சேந்தில் ஒன்றான தேர்-தெ-ஓ தீவில் இறங்கியதும் கூடையோடு பெண்கள் நிற்பார்கள். உள்ளே தேங்காய்ப் பாகு வைத்த சின்ன வட்டக் கேக். அதன் பெயர் தமிழில் சொன்னால் ‘காதல் வேதனை’. கடலுக்குப் போன கணவன் திரும்பும்வரை மனைவி செய்து வைத்துக் காத்திருந்தாள் என்று கதை. சூடாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

தீவு மொத்தமே ஐந்தாறு சதுர கிலோமீட்டர். கரும்புக்கு ஏற்ற மண் இல்லாததால் பெரிய தோட்டங்கள் இங்கே வரவில்லை. பிரான்சின் வடமேற்குக் கரையிலிருந்து வந்த மீனவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் படகோட்டுகிறார்கள். குன்றின்மேல் நெப்போலியன் கோட்டை இருக்கிறது. காலையில் மட்டும்தான் திறப்பார்கள், மதியம் போய் ஏமாறாதீர்கள். 1782 ஏப்ரலில் இந்தத் தீவுகளுக்குப் பக்கத்துக் கடலில்தான் ரோட்னியின் ஆங்கிலேயக் கப்பற்படை தெ கிராஸின் பிரெஞ்சுப் படையை நொறுக்கி அவரையும் சிறைபிடித்தது. உள்ளே அதற்கென்று காட்சி வைத்திருக்கிறார்கள். மகளுக்குப் போரில் ஆர்வமில்லை, சுவரில் வெயில் காய்ந்த உடும்பு போன்ற இகுவானாதான் பிடித்தது.

பகலில் போய்த் திரும்புகிறவர்களுக்கு இந்தத் தீவின் பாதிதான் தெரியும். மாலையில் கடைசிப் படகு கிளம்பியதும் வாடகை ஸ்கூட்டர் சத்தம் அடங்குகிறது. சதுக்கத்தில் இரண்டு கிழவர்கள், ஒரு கோழி. விரிகுடாவில் நங்கூரமிட்ட பாய்மரப் படகுகளின் விளக்கு ஒவ்வொன்றாக எரிகிறது. ஆறு மணி வாக்கில் சட்டென்று இருட்டிவிடும், நம் ஊர் போலவே. பாரிஸ் கோடையின் பத்து மணி வெளிச்சத்துக்குப் பழகியவர்களுக்கு அந்த இருட்டே ஒரு விருந்து.

சரி, கடைசி நாள் காலை. பெட்டியை உருட்டிக்கொண்டு துறைக்கு வந்தால், இயந்திரக் கோளாறு, எங்கள் படகு கிளம்பாது என்றார்கள். அடுத்தது எப்போது என்று கேட்டால் தோளைக் குலுக்கல்தான் பதில். இரண்டு மணி நேரம். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, அது பேசுவதைவிட மோசம். அக்கரை சேர்ந்து, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, ஜாரி தொழிற்பேட்டைப் பக்கம் நெரிசலில் மாட்டி, காரை ஒப்படைத்து, வியர்வை காயாமல் விமானத்தில் உட்கார்ந்தோம். எட்டு மணி நேரத்துக்கு மேல், உப்புத் தோலோடு.

அதனால் லே சேந்துக்கு என் மதிப்பெண் இப்படி: இரவு தங்கியே ஆக வேண்டும், ஆனால் கடைசி இரவாகத் தங்கவே கூடாது. கடலைத் தாண்டி விமானம் பிடிக்கப் போவதெல்லாம் கல்யாணமாகாதவர்களுக்கு.

இப்போது மூன்றாவது. த்ருவா-ரிவியேருக்கும் கப்பெஸ்தேருக்கும் இடையிலான மலையடிவாரம். இங்கே மழைதான் எதிரி. துணி காயாது, காலணி காயாது. 1467 மீட்டர் உயர சூஃப்ரியேர் எரிமலையின் உச்சி பெரும்பாலான நாளில் மேகத்துக்குள். ஏறி முடித்தாலும் முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் தெரிந்தது, கந்தக நெடி வேறு. 1976-ல் இது குமுறியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். ஏறுவதாக இருந்தால் பயணத்தின் நடுவில் ஏறுங்கள். பயணமுடிவுக்கு அதைவிட கார்பே அருவி போதும். 110 மீட்டர் உயர இரண்டாவது அருவியைப் பார்க்க இருபது நிமிட நடை. முங்குநீச்சல் ஆசையிருந்தால் மேற்குக் கரையின் மலாந்தூரில் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். பல முறை முங்கினால் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும்.

இந்த மூலையில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது ஒரு கோயிலை. கப்பெஸ்தேரின் ஷாங்ஜி மாரியம்மன் கோயில் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது. 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புக்கு ஆள் தேடியவர்கள் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் வந்தார்கள். முதல் கப்பல் ‘ஒரேலி’ 1854 டிசம்பர் 24-ல் புவாந்த்-ஆ-பித்ரில் நின்றது. 1889 வரை வந்தவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். நான் காரைக்கால்காரன், ஆகவே இதை வெறும் தகவலாகப் படிக்க முடியவில்லை. கப்பெஸ்தேரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் (1863–1952) இந்தியர்களுக்கு வாக்குரிமை கேட்டு 1904-லிருந்து வழக்காடினார், 1923-ல்தான் குடியுரிமை கிடைத்தது. கடைப் பலகைகளில் ராமசாமி ‘ரமஸ்ஸமி’ ஆகியிருக்கிறார், முத்துசாமி ‘முத்துஸ்ஸமி’.

கோயிலில் ஒரு வயதான அம்மாள் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் காட்டினார். தமிழ்ப் பாட்டு, பிரெஞ்சு எழுத்தில். சத்தம் போட்டுப் படித்தேன். ‘தாயே’, ‘வேப்பிலை’ எல்லாம் பிடிபட்டன, பல வரிகள் தேய்ந்து போயிருந்தன. பொருள் சொல்லச் சொல்ல அவர் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டார். மதியம் அடுத்த ஊரில் ஆட்டுக்கறி ‘கொலொம்போ’ சாப்பிட்டோம். மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு. பெயர் கொழும்பு நகரிலிருந்து வந்தது என்பார்கள், குழம்பிலிருந்து என்பவர்களும் உண்டு. தட்டைப் பார்த்தபின் நான் குழம்புக் கட்சி.

செலவில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தீவில் சாப்பாடு கொஞ்சம் கூட, மலையடிவாரத்தில் அறை கொஞ்சம் மலிவு. யூரோதான் நாணயம். இந்தியாவிலிருந்து உறவினரை அழைத்துப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சாதாரண ஷெங்கன் விசா இங்கே செல்லாது, குவாதலூப்புக்கும் செல்லும் என்று விசாவில் குறித்திருக்க வேண்டும்.

மூன்றாம் முறை போனால் எட்டாம் இரவு லே சேந்த், ஒன்பதாம் இரவு கப்பெஸ்தேர். கடைசி நாள் காலையில் அரச பனைகள் வரிசைகட்டிய துமனுவார் சாலை, கோயில், பிறகு புவாந்த்-ஆ-பித்ர் நகரத்துச் சந்தை. மெட்ராஸ் துணியைத் தலையில் கட்டிய பெண்களிடம் கொலொம்போப் பொடி வாங்கிக்கொண்டு, நேரம் இருந்தால் 2015-ல் திறந்த அடிமை முறை நினைவு மையமான மெமோரியல் ஆக்த் (திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள்), அப்புறம் விமானம். இந்தத் திட்டத்தைப் போன வாரம் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மகள் சம்மதித்துவிட்டாள். மனைவி இன்னும் சேந்த்-ஆன் பக்கம்தான். ‘அங்கேதாங்க துணி காய்ஞ்சுது’ என்கிறாள்.