மாஸ்டர் ஸ்வோர்டு வந்தால் இடைவேளை: செல்டா தொடரோடு பல வருடங்கள்

லெஜண்ட் ஆஃப் செல்டா வீடியோ கேம் தொடரில் புது கேம் ஒன்றைப் போட்டால், பெரும்பாலும் நாயகன் லிங்க் தூங்கிக்கொண்டிருப்பான். யாராவது எழுப்ப வேண்டும். எ லிங்க் டு த பாஸ்டில் மழை ராத்திரியில் இளவரசி செல்டாவின் குரல் எழுப்பும். ஒகரினா ஆஃப் டைமில் நாவி என்ற குட்டித் தேவதை, விண்ட் வேக்கரில் தங்கை. பிரெத் ஆஃப் த வைல்டில் நூறு வருடத் தூக்கம். 1986-இல் வந்த முதல் கேமில்தான் இந்த உபசாரம் கிடையாது. வெட்டவெளியில் நிற்பான், பக்கத்தில் ஒரு குகை, உள்ளே ஒரு கிழவர், கையில் ஒரு வாள், கிளம்பு.

(முடிவுகள் உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். ஆடி முடிக்காதவர்கள் பிறகு வாருங்கள்.)

கதையின் சட்டகத்தைப் போட்டுக் கொடுத்தது 1991-இல் வந்த எ லிங்க் டு த பாஸ்ட். மூன்று பதக்கங்களைச் சேர், மாஸ்டர் ஸ்வோர்டு என்ற மந்திர வாளை உருவு, மந்திரவாதி அகானிமைப் போய் அடி. அதோடு முடிந்தது என்று நினைத்தால் இருண்ட உலகம் திறக்கும், ஏழு பெண்களை மீட்கும் வேலை அப்புறம்தான் ஆரம்பம். நம் சினிமாக் கணக்கில், வாள் கைக்கு வருகிற கட்டம்தான் இடைவேளை.

1998-இல் ஒகரினா அதே கணக்கை எடுத்துக்கொண்டு ஒரு திருகு திருகியது. மூன்று கற்களைச் சேர்த்துக் காலக் கோயிலின் கதவைத் திறக்கிறோம், வாளை உருவுகிறோம். ஏழு வருடம் கழித்துக் கண் விழித்தால்தான் தெரிகிறது, நாம் திறந்துவிட்ட வழியிலேயே வில்லன் கானன்டார்ஃப் உள்ளே புகுந்து, தொட்டவர் விருப்பத்தை நிறைவேற்றும் ட்ரைஃபோர்ஸைத் தொட்டுவிட்டான் என்று. வெளியே வந்தால் சந்தைச் சதுக்கம் பாழ். ஒரு ஜோடி சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்த இடத்தில் ரீடெட் பிணங்கள் நிற்கின்றன. கிட்டே போனால் ஓர் அலறல், கை கால் அசையாது. அதுவரை செய்த நல்ல காரியமெல்லாம் வில்லனுக்குச் செய்த உதவி என்று ஆடுகிறவனுக்கே உறைக்கிற அந்த இடத்துக்காக, "மூன்று, வாள், பிறகு இன்னும் சில" என்ற வாய்ப்பாட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் தாங்கிக்கொள்வேன்.

டன்ஜனில், அதாவது புதிரும் எதிரிகளும் நிறைந்த நிலவறையில், கிடைக்கிற புதுப் பொருளால்தான் அந்த டன்ஜனின் பாஸ், அங்கிருக்கும் பெரிய எதிரி, சாவான். கோழியை விடாமல் அடித்தால் ஊர்க்கோழி எல்லாம் பழிவாங்க வரும். இதிலெல்லாம் எனக்குப் புகார் இல்லை.

புகார் இளவரசி விஷயத்தில்தான். ஒகரினாவின் இரண்டாம் பாதி முழுக்க ஷீக் என்ற மாறுவேடத்தில் வந்து பாட்டு சொல்லிக்கொடுத்து வழிகாட்டுகிறாள் செல்டா. வேடத்தைக் கலைத்த சில நிமிடத்தில் அவளைத் தூக்கிப் போய்விடுகிறார்கள். விண்ட் வேக்கரில் இன்னும் மோசம். டெட்ரா என்ற கடற்கொள்ளைக் கூட்டத் தலைவி, வாயும் கையும் ஓயாத பெண், தான் செல்டா என்று தெரிந்த கணமே பட்டுடையும் கிரீடமுமாக மாறி, கடலுக்கடியில் இருக்கும் கோட்டையில் பத்திரமாக உட்கார்ந்திரு என்று விட்டுவிடப்படுகிறாள். கடைசிச் சண்டையில் ஒளி அம்பு விடுகிறாள், சரி. ஆனால் நடுவில் எத்தனை மணி நேர ஆட்டம் அவள் இல்லாமலே போகிறது!

வில்லன்களுக்கும் இதே கதிதான். ட்விலைட் பிரின்சஸில் (2006) ஸான்ட் முகமூடியோடு நிற்கும்வரை நிஜமாகவே பயமாக இருந்தது. பின்னால் இருப்பது கானன்டார்ஃப் என்றானதும் ஆள் கோமாளி. தீயவன் திரும்பத் திரும்ப வரும் இந்தச் சுழற்சிக்கு 2011-இல் ஸ்கைவர்ட் ஸ்வோர்டு ஒரு சாபத்தைக் காரணமாகச் சொன்னது. சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மரபை மீறியவை என்றால் இரண்டு. லிங்க்ஸ் அவேக்கனிங்கில் (1993) செல்டாவும் இல்லை, ட்ரைஃபோர்ஸும் இல்லை. எட்டு வாத்தியங்களைச் சேர்த்துத் தூங்கும் மீனை எழுப்ப வேண்டும், வழக்கமான வேலைதான். ஆனால் பாதி வழியில் ஒரு கோயிலின் சுவர்ச் சிற்பம் சொல்லிவிடுகிறது: இந்தத் தீவே அந்த மீனின் கனவு. எழுப்பினால் ஊரும் போகும், கரையில் கிடந்த நம்மைக் காப்பாற்றிய மாரினும் போவாள். அதற்குப் பிறகும் வாத்தியம் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். மஜோராஸ் மாஸ்க் (2000) மூன்றே நாளில் சுழல்கிறது. சிறுவனாகச் சபிக்கப்பட்ட காஃபே, நிலா விழப்போகிற கடைசி விடியலுக்குச் சற்று முன்னால் சத்திரத்துக்கு வந்து காதலி ஆஞ்சுவைச் சேர்வான். அந்தச் சந்திப்புக்காக மூன்று நாளும் நேரம் பார்த்து ஓடியிருப்போம். உலகம் பிழைக்க நாம் காலத்தைத் திருப்ப வேண்டும், திருப்பினால் அந்தச் சந்திப்பே நடக்கவில்லை என்றாகிவிடும்.

2017-இல் பிரெத் ஆஃப் த வைல்ட் வரிசையை ஆடுகிறவர் கையில் கொடுத்தது. கதை நூறு வருடம் பின்னால் போய் நினைவுத் துண்டுகளாக நின்றது. எந்தத் துண்டை முதலில் பார்த்தாலும் கெடவில்லை, ஏனென்றால் நடந்து முடிந்த தோல்வி நமக்கு முன்பே தெரியும். 2023-இல் வந்த டியர்ஸ் ஆஃப் த கிங்டம் அதே உத்தியை ஒரு மர்மத்துக்குப் போட்டதில்தான் கோளாறு. செல்டா எங்கே என்று ஊரே தேடுகிறது. நிலத்தில் வரைந்த கோலங்களிலுள்ள கண்ணீர்த் துளிகளை முதலிலேயே பார்த்துவிட்டால் விடை தெரிந்துவிடும்: தலைக்கு மேலே பறந்துகொண்டிருக்கும் ஒளி டிராகன்தான் அவள். இது தெரிந்த லிங்க் கோட்டையில் தோன்றும் போலி செல்டாவை மற்றவர்களோடு சேர்ந்து துரத்துகிறான், ஒரு வார்த்தை பேசாமல். நாயகன் பேசமாட்டான் என்பது முதல் கேமிலிருந்து வரும் மரபு. அங்கே அவனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. இங்கே இருக்கிறது. போதாக்குறைக்கு நான்கு கோயில் முடிவிலும் ஏறக்குறைய அதே பழங்காலப் போர்க் கதையை நான்கு முன்னோர்களும் ஒப்பிக்கிறார்கள். இரண்டாவதிலிருந்து தாராளமாக ஸ்கிப் செய்யலாம்.

ஆனாலும் அந்த டிராகனின் தலையிலிருந்து மாஸ்டர் ஸ்வோர்டை உருவும் காட்சி தொடரிலேயே எனக்குப் பிடித்த வாள் காட்சி. அந்த வாளுக்காகத்தான் அவள் தன்னையே மறந்து யுகக்கணக்காகப் பறந்திருக்கிறாள். இளவரசி காத்திருப்பாள் என்ற பழைய மரபு இந்த ஓர் இடத்தில் அவளே எடுத்த முடிவாக மாறுகிறது.

2024-இல் எக்கோஸ் ஆஃப் விஸ்டம் ஒருவழியாகச் செல்டாவை நம் கையில் கொடுத்தது. கொடுத்ததும் பேச்சு போய்விட்டது. பெரும்பாலும் கூட வரும் ட்ரை பேசுகிறது, அவள் தலையாட்டுகிறாள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஸ்விட்ச் கேம் கருவியில் 2019-இல் வந்த லிங்க்ஸ் அவேக்கனிங் மறுஆக்கம் போதும், சின்ன கேம். டியர்ஸ் ஆடுவதென்றால் கண்ணீர்த் துளிகளைக் கண்டபடி தேடாதீர்கள். மறக்கப்பட்ட கோயிலுக்குள் கோலங்கள் வரிசையாகக் காட்டப்பட்டிருக்கும். அதே வரிசையில் போங்கள், வாளை அதற்கப்புறம் எடுங்கள்.